பைப்பில் கட்டிய கயிறு

மெக்கானிக் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, மோட்டார் வேலையில் நான் கண்டதை எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுவது பற்றி எழுதமாட்டேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். இப்போது பெரும்பாலும் போர்வெல்தான். மேலே நின்றபடியே வேலை முடிந்துவிடுகிறது. ஆனாலும் பெரம்பலூர் பக்கம் திறந்த கிணறு இன்னும் இருக்கிறது. பாறையை உடைத்து வெட்டியது. கைப்பிடிச் சுவர் கிடையாது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்தான் படி. நீங்களும் ஒருநாள் அதில் இறங்குவீர்கள். இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

நான் கிணற்றில் முங்கிய கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். பக்கத்து பெஞ்சில் நானும் இருந்திருக்கிறேன். சிரித்ததில் வருத்தம் இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற கதையில் ஒரு பெண் வருவதே இல்லை. அவரை விட்டுவிட்டுச் சொன்னால் அது கதையே இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதமாட்டேன். அவர் பட்டது போதும்.

எனக்கு ஊர் அரியலூர் டவுன். குழாய்த் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் கிணறு கிடையாது. நீச்சல் என்று ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சைக்கிள் கடையில் இருந்தேன். பிறகு தொண்ணூற்றைந்தில் பெரம்பலூருக்கு வந்து ஒரு மோட்டார் கடையில் சேர்ந்தேன். கடைக்காரர் லெப்பைக்குடிக்காட்டு பாய். நல்ல மனுஷர். வேலை நடந்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டார்.

சேர்ந்த புதிதில் ஒரு கிணற்றில் ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டது. பைப்பின் அடியில் தண்ணீருக்குள் கிடக்குமே, அது. முங்கித்தான் எடுக்க வேண்டும். தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். நான் காதைப் பிடித்துக்கொண்டேன். காதில் சீழ் வடிகிறது, தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று இன்றுவரை தெரியாது. அவர் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவரே குதித்து எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து என் காது சீழ்க்காது. பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் காதை விசாரிப்பார்கள், அப்புறம்தான் மோட்டார். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். முங்குவதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆள் இருப்பான். டீயும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்.

உனக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நம் தொழிலில் அது கேட்கிற கேள்வி இல்லை. கிணற்றில் இறங்குகிறவனுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வார்கள். சமையல்காரனிடம் அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா என்று கேட்பார்களா?

நடுவில் சில வருஷம் மழை இல்லை. கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. அடியில் தரையில் நின்று வேலை பார்த்தேன். கிணறு பழகிவிட்டது என்று நினைத்தேன். பழகியது பாறைதான். தண்ணீர் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் மழை பிடித்தது. விடவில்லை. கிணற்றில் தண்ணீர் ஏறினால் முதலில் முங்குவது மோட்டார். உள்ளே பாறையில் மேடை வெட்டி அதில்தான் வைத்திருப்பார்கள். ஏறுவதற்குள் கழற்றித் தூக்க வேண்டும். அந்த வாரம் கடைக்கு ஆள் மேல் ஆள் வந்தார்கள். பாடாலூர் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு என்னைப் போகச் சொன்னார் பாய்.

அது எனக்குத் தெரிந்த தோட்டம்தான். பெரியவருக்கு மூட்டுவலி, படி இறங்க முடியாது. அவருக்கு இரண்டு மகன்கள். பெரிய மகன் கூட இருந்து விவசாயம் பார்த்தார். சின்ன மகன் மஸ்கட்டில் கட்டட வேலை. சின்ன மருமகளும் சின்னப் பெண்குழந்தையும் இங்கே. மருமகளுக்குச் சொந்த ஊர் வாலிகண்டபுரம். அப்பா கிணற்றில் நீந்தி வளர்ந்த பெண். வெயில் காலத்தில் இந்தக் கிணற்றிலும் நீந்துவார். பெரியவர் ஒரு தடவை என்னிடம் பெருமையாகச் சொன்னார், சின்ன மருமவ மீன் மாதிரி போவும் என்று.

நான் போனபோது தண்ணீர் மேடைக்கு ஒரு முழம் கீழே நின்றது. செம்மண் கலங்கி டீ மாதிரி இருந்தது. மோட்டாரைத் தூக்கச் சங்கிலியும் மரமும் எடுத்துவரப் பெரிய மகன் ஆட்களோடு பாடாலூர் போயிருந்தார். அவர்கள் வரும்வரை நான் மேலே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் இதை எழுதவேண்டிய வேலையே இல்லை. அவர்கள் வருவதற்குள் பைப்பைக் கழற்றி வைத்துவிட்டால் தூக்குவது சுலபம் என்று நினைத்தேன்.

நைலான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். மறு நுனியை எங்கே கட்டுவது? மேலே கிணற்றோரம் ஒரு வேப்பமரம் இருந்தது. கயிறும் எட்டும். ஆனால் மரத்தில் கட்டிக்கொண்டு இறங்கினால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் கேட்பார்கள். பைப்பில் கட்டினால் வேலைக்காகக் கட்டியதுபோல் இருக்கும். பைப்பில் கட்டினேன்.

இதை நன்றாகப் பாருங்கள். நீச்சல் தெரிந்தவன் யாரும் இதைச் செய்யமாட்டான். அவன் கயிறே கட்டமாட்டான். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிறவனும் செய்யமாட்டான், அவன் மரத்தில் கட்டுவான். தெரியாததை மறைக்கிறவன் மட்டும்தான் கழற்றப்போகிற பைப்பில் தன்னைக் கட்டிக்கொள்வான்.

சின்ன மருமகள் மேலே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கழட்டுற பைப்புலயேவா கட்டிக்கிறீங்க?"

"எனக்குத் தெரியும்மா. நீங்க புல்லப் பாருங்க."

அவர் மறுபடி புல் அறுக்கக் குனிந்தார்.

போல்ட்டுகளைக் கழற்றினேன். பைப்பைப் பாறையோடு பிடித்திருந்த கிளாம்ப் தாங்கும் என்று கணக்கு. அது துருப்பிடித்து உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்திருக்கிறது. கடைசி போல்ட் வந்ததும் கிளாம்ப் உடைந்தது. இரும்புப் பைப் நேராக இறங்கியது. கூடவே நானும் போனேன்.

கத்தக்கூட நேரம் இல்லை. கண்ணைத் திறந்தால் சிவப்பு, பிறகு கறுப்பு. இடுப்பு கீழே இழுத்தது. முடிச்சைத் தேடினேன், கயிறு கிடைத்தது, முடிச்சு கிடைக்கவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் உள்ளே போனதும் என்ன யோசித்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் யோசிக்கவில்லை. யோசனை வராது.

யாரோ கயிற்றைப் பிடித்தது தெரிந்தது. இழுப்பு விட்டது. சின்ன மருமகள் புல் அறுத்த கருக்கருவாளோடு குதித்திருக்கிறார். கயிற்றை அறுத்தவர் அவர்தான். பிறகு என் முடியைப் பிடித்தார். நான் அவரைப் பிடித்தேன்.

முங்குகிறவனுக்கு ஆண், பெண், சொந்தம், அன்னியம் எதுவும் தெரியாது. கிடைத்ததைப் பிடிப்பான். நான் அவர் கழுத்தைப் பிடித்தேன், சேலையைப் பிடித்தேன். அவரையும் கீழே கொண்டுபோனேன். அவர் என் முகத்தில் குத்தி, முழங்காலால் உதைத்து, கொஞ்சம் விலக்கி, பின்பக்கமாக வந்து இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கல்லில் போட்டார். போட்ட பிறகும் நான் கையை விடவில்லையாம்.

பெரிய மகனும் ஆட்களும் அப்போதுதான் சங்கிலியோடு வந்து சேர்ந்தார்கள். மேலே நின்று அவர்கள் பார்த்தது இதுதான். டவுசரோடு ஒரு ஆள், வீட்டு மருமகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு. சேலை தண்ணீரில் மிதக்கிறது. சத்தம் கேட்டுக் கிணற்றோரம் வந்த பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மருமகளுக்கு எறிந்தார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து போர்த்திக்கொண்டார். கழுத்தில் என் நகக்கீறல் சிவப்பாக இருந்தது.

பெரிய மகன் மேலே இருந்து கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"என்ன மெக்கானிக்கு, நீச்சல் தெரியாதா?"

பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆட்கள் எல்லாரும் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"கயிறு சிக்கிருச்சுங்க. அத்துக்கிட்டு நானே வந்திருப்பேன்" என்றேன்.

சின்ன மருமகள் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். துண்டோடு படி ஏறி, ஆட்களுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அவர்கள் மோட்டாரைத் தூக்கினார்கள். எனக்கு டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

இதற்கப்புறம் சில வாரம் கழிந்தது. பாடாலூரில் இருந்து ஒரு ஆள் கருகிய காயிலைச் சுற்றக் கொடுக்கக் கடைக்கு வந்தார். அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர். என்னைப் பார்த்ததும் ஒரு மாதிரி சிரித்தார். அவர் சொல்லித்தான் தெரியும். யாரோ மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். கணவன் கேட்டிருக்கிறான், கிணற்று வேலை பார்க்கிறவனுக்கு நீச்சல் தெரியாமல் இருக்குமா, ஆம்பளைகள் வருவதற்குள் இவளுக்கு என்ன அவசரம் என்று. பெரிய மகனும் அதையேதான் கேட்டாராம். பெரியவர் பேச்சு எடுபடவில்லை. குழந்தையோடு அவரை வாலிகண்டபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்தப் புள்ள ஒரே புடியா சாதிக்குது, அந்தாளுக்கு நீச்சல் தெரியாதுன்னு. நீயே சொன்னியாமுல்ல, நானே வந்திருப்பேன்னு. அப்பறம் யாரு நம்புவா?" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் காயிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சுற்றிக்கொண்டிருந்த கம்பியை அப்படியே வைத்தேன். பாய் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, உனக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா?"

"தெரியாது பாய்."

"காது?"

"காது நல்லாத்தான் இருக்கு."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய சொந்தக் காதுக்கு வாங்கிய மருந்தை எனக்குக் கொடுத்திருக்கிறார். சிரித்து முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அந்தப் பொண்ணு இல்லன்னா நீ அன்னைக்கே மவுத்து. இப்ப நீ போய்ச் சொன்னா நாளைக்கு ஒரு பய உன்னைக் கெணத்து வேலைக்குக் கூப்பிட மாட்டான். அதையும் தெரிஞ்சுக்கிட்டே போ."

அது எனக்கும் தெரியும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது. போகவேண்டாம் என்று அவர் சொல்லமாட்டாரா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அவர் சொல்லவில்லை. டிவிஎஸ் வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

பாடாலூர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் கட்டிலில் இருந்தார். பெரிய மகனும் இரண்டு மூன்று ஆட்களும் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். எனக்கு நீச்சல் தெரியாது. எப்போதும் தெரியாது. காது என்று சொன்னது பொய். உங்கள் வீட்டுப் பெண் இல்லையென்றால் நான் செத்திருப்பேன். அன்றைக்குச் சொன்னது வெட்கத்தில் சொன்னது. பேசிப் பழக்கம் இல்லாதவன். இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவர்கள் நம்பவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்துப் போயிருந்தேன். பெரிய மகன் முகம் இறுகிவிட்டது. மூட்டையைக் கீழே வைத்தார்.

"பத்து வருஷமா கெணத்துல வேலை பாக்குறவன் நீ. உனக்கு நீச்சல் தெரியாது. சரி. அவளுக்காகப் பொய் சொல்ல இவ்ளோ தூரம் வண்டி எடுத்துக்கிட்டு வந்திருக்க. அது எதுக்குன்னு மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வி என்னைக் கொன்றுவிட்டது. நான் வந்து பேசியதே அந்தப் பெண் மேல் இன்னும் ஒரு கறையாகிப்போனது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாயால் சொல்ல இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

"கெணத்துக்கு வாங்க" என்றேன்.

முன்னால் நடந்தேன். பின்னால் வந்தார்கள். பெரியவர் கட்டிலில் இருந்து, வேணாம்ப்பா, வேணாம்ப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் அன்றைக்கு மேடைக்கும் மேலே, நிறைந்து நின்றது. தெளிந்திருந்தது. வெளிச்சம் கொஞ்ச தூரம் உள்ளே போனது, அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. சட்டையைக் கழற்றினேன். பஞ்சு இல்லாத காதில் காற்று புகுந்தது புதிதாக இருந்தது.

கயிறு கட்டியிருக்கலாம். கட்டினால் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. இது புத்தியுள்ளவன் செய்கிற வேலை இல்லை. உங்களில் யாரும் எதற்காகவும் செய்யாதீர்கள்.

படியில் இருந்து காலை எடுத்தேன்.

முதலில் அவர்கள் சும்மா நின்றிருக்கிறார்கள். நடிக்கிறான் என்று ஒருவர் சொன்னாராம். நான் ஒரு தடவை மேலே வந்தேன், கையை அடித்தேன், மறுபடி போனேன். இரண்டாவது தடவை வரவில்லை. பிறகுதான் பெரிய மகன் குதித்தார். நல்ல நீச்சல்காரர். நேராக என் முன்னால் வந்தார். அது தப்பு. நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் அடித்தார், கடித்தார், நான் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கீழே போனோம். மேலே இருந்தவர்கள் கயிற்றைப் போட்டு, இன்னொருவரும் இறங்கி, எப்படியோ இரண்டு பேரையும் படிக்கு இழுத்தார்கள்.

பெரிய மகன் இருமிக்கொண்டே கிடந்தார். கழுத்தெல்லாம் கீறல். வேட்டி நடுக்கிணற்றில் மிதந்துகொண்டிருந்தது.

"உசுர எடுத்துருவான் போலருக்கேய்யா" என்றார்.

மூட்டை தைத்த ஆள் மேலே இருந்து சொன்னார்: "நீயும் வேட்டிய வுட்டுட்டுத்தான வந்திருக்க."

யாரும் சிரிக்கவில்லை. இந்த இடத்தில்தான் டீக்கடையில் நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பெரிய மகன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்கப்புறம் அவர்தான் மஸ்கட்டுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்தான் வாலிகண்டபுரத்துக்குப் போய்ச் சின்ன மருமகளை அழைத்துவந்தார் என்றும். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பாய் சொன்னது நடந்தது. அந்த மழையில் ஒரு கிணற்று வேலைகூட வரவில்லை. முங்குன மெக்கானிக் என்று பெயர் வந்தது. கடையில் உட்கார்ந்து காயில் மட்டும் சுற்றினேன். பாய் முன்னால் கொடுத்ததையே கொடுத்தார்.

பங்குனியில் அவரே என்னை லெப்பைக்குடிக்காட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மச்சானுக்கு ஒரு கிணறு இருந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து விழுவார்கள். முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் நான். தலையில் நரை வந்துவிட்டது அப்போது. சுவரைப் பிடித்தபடியே நிற்பேன். "சொவத்த வுடுங்க மாமா, அது எங்கயும் ஓடிராது" என்பார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம் பரவாயில்லை. அதில் யாருக்கும் ஒன்றும் போகவில்லை.

கை கால் அடிக்கச் சீக்கிரம் வந்துவிட்டது. பதறாமல் இருக்கத்தான் நாளானது. நீந்தத் தெரிவது வேறு, தண்ணீருக்குள் தலை போனதும் பதறாமல் இருப்பது வேறு. மல்லாந்து படுத்து, காது தண்ணீருக்குள் இருக்க, வானத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடப் பழகினேன். தண்ணீர் தாங்கும் என்று உடம்பு நம்ப வேண்டும். மனசு நம்பினால் போதாது. அது வந்த பிறகுதான் கேனை அவிழ்த்தேன்.

உங்களுக்குச் சொல்ல இரண்டே விஷயம். டெஸ்டர் வாங்குவதற்கு முன்னால் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ளும்வரை, கிணற்றோரம் நின்று எல்லார் காதிலும் விழும்படி, எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிவிட்டு மரத்தில் கயிற்றைக் கட்டுங்கள். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஏழு கோடையில் அந்தத் தோட்டத்தில் இருந்து மறுபடி ஆள் வந்தது. ஃபுட் வால்வு அடைப்பு. பெரிய மகன் என்னையே அனுப்பச் சொன்னாராம். போனேன். அவர் பழைய மாதிரியே பேசினார். பெரியவர் கட்டிலில் இருந்தே கையை உயர்த்தினார். கயிறு இல்லாமல் இறங்கினேன். முங்கி, அடியில் தடவி, வால்வைக் கழற்றிக்கொண்டு மேலே வந்தேன். முதல் தடவையாக நான் வேலைக்காக முங்குவதை அந்த வீட்டார் பார்த்தார்கள்.

மேலே சின்ன மருமகள் நின்றிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு அவர் மகள். ஆறு வயது இருக்கும். நான் தலையைத் தூக்கியதும் அந்தக் குழந்தை துள்ளியது. அம்மா நானும், அம்மா நானும் என்று கையை இழுத்தது.

அந்த ஐப்பசிக்குப் பிறகு அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்தது.

"நீங்களே கத்துக்குடுக்கலாமேம்மா. உங்களுக்கு நல்லா வருமே."

அவர் குழந்தையைக் கரையில் இருந்து பின்னால் இழுத்தார்.

"நான் எறங்குறது இல்லைண்ணே. பாப்பாவுக்கும் வேணாம். நான் கத்துக்கிட்டதே போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா வராதா என்பதுபோல் சொன்னார். குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

நான் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கை கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பெரிய மகன் படியில் இறங்கி நின்று கையை நீட்டினார். வால்வைக் கொடுத்தேன்.